மேக்ஸ்(ஐடி) போதாதா? புதிதாகச் சேர்த்த ரெக்கார்டின் எண்ணை எடுப்பது பற்றி

பிப்ரவரி 11, மாலை 6.15 (கேள்வி)

மளிகைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதியது பிஎச்பியில், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். பில் தலைப்பு ஒரு டேபிள், வாங்கிய பொருள்கள் இன்னொரு டேபிள். பில்_ஐடி என்ற எண்ணை டேட்டாபேஸே தானாகக் கொடுக்கும் (ஆட்டோ இன்கிரிமென்ட்). தலைப்பை இன்சர்ட் செய்ததும் (புது வரியாகச் சேர்த்ததும்) 'செலக்ட் மேக்ஸ்(பில்_ஐடி)' என்று கேட்டு, வருகிற எண்ணைப் பொருள் வரிகளில் போடுகிறேன். இரண்டு வருடமாக ஓடுகிறது, ஒரு புகாரும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் இது தப்பு என்கிறான். கடையில் இருப்பதே இரண்டு கவுண்டர். இதில் எங்கே தப்பு?

பிப்ரவரி 11, இரவு 9.40

பையன் சொல்வது சரி.

நீங்கள் மேக்ஸிடம் கேட்பது 'இப்போது டேபிளில் இருப்பதிலேயே பெரிய எண் எது?' என்று. உங்களுக்கு வேண்டியதோ 'நான் இப்போது சேர்த்த பில்லின் எண் எது?' என்பது. ஒரே ஆள் உட்கார்ந்து பில் போடும்வரை இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்.

கவுண்டர் 1 தலைப்பைச் சேர்க்கிறது: 5001. மேக்ஸ் கேட்பதற்குள் கவுண்டர் 2 தன் தலைப்பைச் சேர்க்கிறது: 5002. இப்போது கவுண்டர் 1 கேட்டாலும் 5002, கவுண்டர் 2 கேட்டாலும் 5002. இரண்டு பேர் வாங்கிய சாமானும் 5002-இல் போய் விழும். 5001 வெறும் தலைப்போடு நிற்கும். கிளினிக்கில் டோக்கன் வாங்கிவிட்டு, கையில் இருப்பதைப் பார்க்காமல் 'கடைசியாக எந்த டோக்கன் கொடுத்தீங்க?' என்று நர்சைக் கேட்டு அந்த எண்ணுக்கு உள்ளே நுழைகிற கதை.

மைஎஸ்கியூஎல்லில் இதற்கென்றே லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி() இருக்கிறது. அது கனெக்ஷனுக்குக் கனெக்ஷன் (நிரல் டேட்டாபேஸோடு திறந்து வைத்திருக்கும் தொடர்பு) தனி. பக்கத்துக் கவுண்டர் அதே நேரம் எத்தனை பில் போட்டாலும் உங்கள் கனெக்ஷனில் உங்கள் எண்தான் வரும். பிஎச்பி டேட்டாபேஸோடு பேச இரண்டு வழி உண்டு: மைஎஸ்கியூஎல்ஐ வைத்து எழுதியிருந்தால் இன்சர்ட்_ஐடி, பிடிஓ என்றால் லாஸ்ட்இன்சர்ட்ஐடி. ஒரு வரி மாற்றினால் போதும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் சர்வர் திட்டும், என்னைக் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 12, காலை 7.05

'ஒரு புகாரும் இல்லை' என்றது இரவு முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. புகார் ஏன் வரவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரியும்.

ஒரு மருந்துக் கடையின் மென்பொருளைப் பராமரிக்க எடுத்துக்கொண்டேன். வேறு யாரோ எழுதியது. அதிலும் இதே மேக்ஸ். கடைக்காரருக்கு பில்லில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏனென்றால் தாளில் அச்சாவது திரையில் அடித்த பொருள்கள்; டேட்டாபேஸிலிருந்து திரும்ப எடுத்து அச்சடிப்பதில்லை. தொகை சரி, பொருள் சரி, காசு வாங்கியாயிற்று. பில் எண் மட்டும் இரண்டு பேர் கையிலும் ஒன்றே. அதை யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

மாட்டிக்கொண்டது ரிட்டர்னில். ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பில் எண்ணை அடித்தால் திரையில் அவர் மாத்திரைக்குக் கீழே டயாப்பர் பாக்கெட்டும் கிரைப் வாட்டரும். 'பேரப் பிள்ளைக்கு வாங்கினீங்களா ஐயா?' என்று கேட்டுவிட்டு, கவுண்டர் பெண் மாத்திரைக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேடின பொருள் திரையில் இருந்ததே, அப்புறம் என்ன? அந்தப் பெண் போகிற போக்கில் என்னிடம் சொன்னதால்தான் தெரிந்தது.

மளிகைக் கடையில் ரிட்டர்ன் அபூர்வம். அதனால் புகார் இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தலைப்பு டேபிளைப் பொருள் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்து (பொருள் இல்லாத தலைப்பும் விடுபடாமல் இணைத்து), பொருள் பக்கம் நல் (வெற்று) வருகிற தலைப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். மோதல் நடந்த ஒவ்வொரு முறையும் ஒரு வெறும் தலைப்பு மிஞ்சியிருக்க வேண்டும். மாதத் தொடக்கத்து மாலை நேரங்களை முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 12, மதியம் 1.30

மேக்ஸுக்குப் பதில் 'ஆர்டர் பை ஐடி டெசென்டிங், லிமிட் 1' (எண்ணை இறங்கு வரிசையில் அடுக்கி முதல் வரியை எடுப்பது) என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதுவும் மேக்ஸ்தான். எழுத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, மதியம் 1.50

'கேஷியர் பெயரையும் நேரத்தையும் வைத்து வடிகட்டிக்கொண்டால்?' ஐயா, எந்தக் கடையில் ஆளுக்கொரு லாகின் இருக்கிறது? எல்லோரும் 'அட்மின்'. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

பிப்ரவரி 13, இரவு 10.20

இன்று வந்ததில் நல்ல கேள்வி இது: 'இன்சர்ட், மேக்ஸ் இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து முடியும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காத கட்டுக்குள்) போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?'

தீராது. ஆனால் சில நேரம் தீர்ந்த மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. மைஎஸ்கியூஎல் டேட்டாவைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபியில் வழக்கமான தனிமை நிலை (மற்றவர்கள் செய்வது ஒரு டிரான்சாக்ஷனுக்கு எவ்வளவு தெரியும் என்ற அளவு) ரிப்பீட்டபிள் ரீட். டிரான்சாக்ஷனில் முதல் சாதாரண செலக்ட் ஓடும் நொடியில்தான் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் படம்) எடுக்கப்படும், டிரான்சாக்ஷன் தொடங்கும்போதே அல்ல. இன்சர்ட் செய்துவிட்டு அடுத்ததாக மேக்ஸ் கேட்டால், அந்த மேக்ஸ்தான் முதல் செலக்ட். அதற்குள் பக்கத்துக் கவுண்டர் கமிட் செய்திருந்தால் (தன் டிரான்சாக்ஷனை முடித்துப் பதிந்திருந்தால்) அதன் எண் உங்கள் ஸ்னாப்ஷாட்டுக்குள் வந்துவிடும்.

அதே டிரான்சாக்ஷனில் இன்சர்ட்டுக்கு முன்னால் எதையாவது செலக்ட் செய்திருந்தால், உதாரணத்துக்கு வாடிக்கையாளர் பெயரைத் தேடியிருந்தால், ஸ்னாப்ஷாட் அப்போதே எடுத்தாகிவிட்டது. அப்புறம் பக்கத்துக் கவுண்டர் சேர்த்தது கண்ணில் படாது, மேக்ஸ் உங்கள் எண்ணையே தரும். ஆக, சம்பந்தமே இல்லாத ஒரு தேடல் வரிதான் உங்களைக் காப்பாற்றுகிறது. நாளைக்கு யாராவது 'இந்த வரி எதற்கு?' என்று எடுத்துவிட்டால் பழையபடி சாமான் கலக்கும். நிலையை ரீட் கமிட்டடுக்கு (ஒவ்வொரு செலக்ட்டுக்கும் புது ஸ்னாப்ஷாட் எடுக்கும் நிலை) மாற்றினாலும் போச்சு.

எல்லாவற்றிலும் கடுமையான நிலையான சீரியலைசபிள்? அதில் ஒரு கவுண்டர் இன்னொன்றின் பூட்டுக்காகக் காத்து நிற்க நேரும். டேபிளையே பூட்டலாம், எண் சரியாக வரும். ஒரு வரியில் கிடைக்கிற எண்ணுக்குக் கடை முழுக்க வரிசையில் நிற்க வேண்டுமா?

பிப்ரவரி 14, காலை 8.45

லாஸ்ட்_இன்சர்ட்_ஐடிக்கு மாறினால் கவலை இல்லை என்ற தொனியில் முதல் நாள் எழுதினேன். அதிலும் சில குழிகள் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

ஒரே இன்சர்ட்டில் பத்து வரி சேர்த்தால் அது தருவது முதல் வரியின் எண்ணை. பெயரில் 'லாஸ்ட்' இருப்பதை நம்பிக் கடைசி எண் என்று நினைத்துக் கழிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. எத்தனை வரி என்பது முன்பே தெரிந்த சாதாரண இன்சர்ட்டில் மற்ற எண்கள் அடுத்தடுத்து வரும். வேறு டேபிளிலிருந்து செலக்ட் செய்து கொட்டுகிற இன்சர்ட்டில் அப்படி நம்ப முடியாது. மைஎஸ்கியூஎல் 8.0-இல் இன்னோடிபியின் ஆட்டோ இன்கிரிமென்ட் பூட்டு முறை 1-இலிருந்து 2-க்கு மாறிவிட்டது, இடையில் அடுத்தவர் எண் நுழையலாம்.

ஐடியை நீங்களே கொடுத்துச் சேர்த்தால் அந்த ஃபங்ஷனின் மதிப்பு மாறாது, பழைய எண்ணே நிற்கும்.

பிடிஓவில் கமிட் செய்த பிறகு லாஸ்ட்இன்சர்ட்ஐடி கேட்டால் 0 வரும். இன்சர்ட் முடிந்த கையோடு ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், கமிட்டுக்குப் பிறகு அதையே எஸ்கியூஎல் வினவலாக 'செலக்ட் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி()' என்று கேட்டால் சரியான எண் வரும். முன்னது கடைசியாக ஓடிய கட்டளையைப் பற்றிப் பேசுகிறது, பின்னது அந்தக் கனெக்ஷனின் நினைவில் இருப்பதைச் சொல்கிறது.

ஜாவாவில் கனெக்ஷன் பூல் (திறந்து வைத்த கனெக்ஷன்களை மாற்றி மாற்றிக் கொடுக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் கவனம். இன்சர்ட் ஒரு கனெக்ஷனிலும் கேள்வி இன்னொன்றிலும் போனால் எவனோ சேர்த்த எண் வரும், அல்லது 0. கெட்ஜெனரேட்டட்கீஸ் பயன்படுத்துங்கள், அது அதே ஸ்டேட்மென்ட்டோடு வருவது.

பிப்ரவரி 15, இரவு 11.10

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர்காரர்கள் 'எங்களுக்கு @@ஐடென்டிட்டி இருக்கிறது' என்று வந்துவிட்டார்கள். வாருங்கள், உங்கள் ஊர் கதை இன்னும் மோசம்.

அங்கே தானாக வளரும் எண்ணுக்கு ஐடென்டிட்டி என்று பெயர். @@ஐடென்டிட்டி உங்கள் செஷனில் (உங்கள் கனெக்ஷனில்) கடைசியாக உருவான எண்ணைத் தரும். எந்த டேபிளில், யார் உருவாக்கியது என்று பார்க்காது. நீங்கள் ஆர்டர் சேர்க்கிறீர்கள். அந்த டேபிளில் ஒரு ட்ரிகர் (வரி சேரும்போது தானாக ஓடும் நிரல்) இருந்து, அது லாக் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது லாக் வரியின் எண். மைஎஸ்கியூஎல்லில் ட்ரிகர் முடிந்ததும் பழைய மதிப்பு திரும்பிவிடும், இங்கே அந்தக் கருணை கிடையாது.

நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. தணிக்கையாளர்கள் கேட்டார்கள் என்று ஒரு வார இறுதியில் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஆர்டர் டேபிளில் லாக் ட்ரிகர் போட்டார். லாக் டேபிள் புதியது, அதன் எண் 1-இலிருந்து ஆரம்பம். திங்கட்கிழமை வந்த புது ஆர்டரின் பொருள்கள் ஆர்டர் 1-இல் போய் ஒட்டின, அடுத்தது 2-இல். ஃபாரின் கீ (இல்லாத ஆர்டருக்குப் பொருள் சேர்க்க விடாத கட்டுப்பாடு) இருந்தது. ஆனால் 1, 2, 3 எல்லாம் பல வருடத்துக்கு முந்தைய நிஜ ஆர்டர்கள் ஆயிற்றே, அது ஏன் தடுக்கப் போகிறது? ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. எப்போதோ முடித்துப் பணம் வாங்கிய ஆர்டருக்குக் கிடங்கிலிருந்து 'மீதி அனுப்பவா?' என்று போன் வந்தபோதுதான் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

2000-ஆம் பதிப்பிலிருந்தே ஸ்கோப்_ஐடென்டிட்டி() இருக்கிறது. அது அதே ஸ்கோப்பில், அதாவது நீங்கள் ஓட்டுகிற அதே நிரல் துண்டில், உருவான எண்ணை மட்டும் தரும். ட்ரிகர் செய்வது வேறு ஸ்கோப், அதனால் கலக்காது. ஐடென்ட்_கரன்ட்('டேபிள்') என்று இன்னொன்று உண்டு. அது எந்தச் செஷன் சேர்த்ததையும் தரும். நம் மேக்ஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

பிப்ரவரி 16, காலை 6.50

சி ஷார்ப்காரர்களுக்கு: ஸ்கோப்_ஐடென்டிட்டி தருவது நியூமெரிக்(38,0), அதாவது டெசிமல் வகை எண், இன்ட் அல்ல. எக்ஸிக்யூட்ஸ்கேலரில் வந்ததை நேரே இன்ட் ஆக காஸ்ட் செய்தால் இன்வேலிட் காஸ்ட் என்று விழும். டெசிமலாக வாங்கி மாற்றுங்கள், அல்லது வினவலிலேயே மாற்றிவிடுங்கள்.

இன்ஸ்டெட் ஆஃப் ட்ரிகர் (இன்சர்ட்டுக்குப் பதிலாக ஓடுவது) இருக்கிற டேபிளில் அது நல் தரும். நிஜ இன்சர்ட் ட்ரிகருக்குள் அல்லவா நடக்கிறது? 2005, 2008 பதிப்புகளில் பேரலல் பிளான் (வினவலைப் பல பகுதியாக ஒரே நேரத்தில் ஓட்டும் திட்டம்) வந்தால் தவறான எண் தருகிற ஒரு பிழையும் இருந்தது. இந்தத் தொல்லைகளைப் பார்த்துவிட்டு நான் 2005-இல் வந்த அவுட்புட் கிளாஸுக்கே மாறிவிட்டேன். 'அவுட்புட் இன்சர்ட்டட்.ஐடி' என்று இன்சர்ட்டுக்குள்ளேயே எழுதினால் சேர்த்த அத்தனை வரிகளின் எண்ணும் வரும்.

அதிலும் ஒன்று: டேபிளில் ட்ரிகர் இருந்தால் இன்டூ போட்டு ஒரு டேபிள் மாறிக்குள் வாங்க வேண்டும், நேராகக் கேட்டால் மறுத்துவிடும். 2022 நவம்பரில் வந்த என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 7 (சி ஷார்ப் நிரலுக்காக டேட்டாபேஸோடு பேசும் நூலகம்) இந்த நேரான அவுட்புட்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ட்ரிகர் வைத்திருந்தவர்களின் சேமிப்பெல்லாம் உடைந்தது. மாடலில் ஹேஸ்ட்ரிகர் என்று சொல்லி வைத்தால் பழைய வழிக்குப் போகும்.

பிப்ரவரி 16, மதியம் 12.15

போஸ்ட்கிரெஸ் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: எழுத அதிகம் இல்லை. 2006 டிசம்பரில் வந்த 8.2-இலிருந்து இன்சர்ட்டின் கடைசியில் 'ரிட்டர்னிங் ஐடி' என்று போட்டால் எண் கையில். ஆரக்கிளிலும் ரிட்டர்னிங் இன்டூ உண்டு. மரியாடிபி 10.5, எஸ்கியூலைட் 3.35 இரண்டும் பிறகு சேர்த்துக்கொண்டன. மைஎஸ்கியூஎல் இன்னும் சேர்க்கவில்லை.

ஒன்றே ஒன்று: 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' போட்டு, ஏற்கெனவே அந்த வரி இருந்தால் ரிட்டர்னிங் ஒன்றும் தராது. வெறும் கை. அங்கே எண்ணைத் தனியாகத் தேட வேண்டும். மற்றபடி கர்வால், லாஸ்ட்வால் (கடைசியாக உருவான எண்ணைத் தரும் ஃபங்ஷன்கள்) எல்லாம் பழைய குறிமுறையில் பார்த்தால் பயப்பட வேண்டாம், அவையும் செஷனுக்குள்தான். ஆனால் நடுவில் பிஜிபவுன்சரை (போஸ்ட்கிரெஸுக்கான கனெக்ஷன் பூல்) டிரான்சாக்ஷன் முறையில் வைத்திருந்தால், அடுத்த டிரான்சாக்ஷனில் கர்வால் கேட்கும்போது நீங்கள் வேறு சர்வர் கனெக்ஷனில் உட்கார்ந்திருக்கலாம்.

பிப்ரவரி 18, இரவு 9.00

கேட்டவர் வெறும் தலைப்புகளை எடுத்துப் பார்த்தாராம். இருக்கின்றனவாம். பெரும்பாலும் தீபாவளி, பொங்கல் வாரங்களில். எத்தனை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அவர் எழுதியதில் இன்னொன்று கண்ணில் பட்டது: பில்_ஐடியைத்தான் பில் எண்ணாக அச்சடிக்கிறார். இது வேறு விஷயம், ஆனால் விட மனமில்லை.

ஜிஎஸ்டி விதி 46 என்ன கேட்கிறது? பில் எண் தொடர் எண்ணாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. ஆட்டோ இன்கிரிமென்ட் இதில் 'தொடர்' என்பதற்கு உத்தரவாதம் தருவதே இல்லை. இன்சர்ட் செய்து ரோல்பேக் ஆனால் (டிரான்சாக்ஷன் பாதியில் ரத்தானால்) அந்த எண் போனது போனதுதான், திரும்பாது. எஸ்கியூஎல் சர்வர் 2012-க்குப் பிறகு சர்வர் திடீரென்று நின்று எழுந்தால் இன்ட் ஐடென்டிட்டி 1000 தாண்டிக் குதிக்கலாம். 412-க்கு அடுத்த பில் 1400 சொச்சம் என்றால் ஆடிட்டரிடம் யார் பதில் சொல்வது? 2017-இல் ஐடென்டிட்டி_கேஷ் என்று அணைக்கிற வசதி வந்தது. அணைத்தாலும் ரோல்பேக் இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான கோளாறு. இன்னோடிபி அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சர்வர் மறுபடி எழும்போது அது என்ன செய்தது தெரியுமா? டேபிளில் மேக்ஸ் பார்த்தது! கடைசி பில்லை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தி எழுப்பினால் அழிந்த எண்ணே புது பில்லுக்கு வரும். 2003-இல் பதிவான பிழை, எண் 199. 8.0-இல்தான் சரியானது. மேக்ஸ் போடுகிறவர்களைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 18, இரவு 9.35

அப்படியானால் பில் எண்ணுக்கு என்ன வழி? தனி டேபிள். தொடருக்கு ஒரு வரி, அதில் 'கடைசி' என்று ஒரு கட்டம். பில் சேர்க்கிற அதே டிரான்சாக்ஷனில்:

அப்டேட் தொடர்_எண் செட் கடைசி = லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி(கடைசி + 1) வேர் தொடர் = 'க1'

அடுத்து செலக்ட் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி(). அடைப்புக்குள் ஒரு மதிப்பைக் கொடுத்தால் அதையே அந்தக் கனெக்ஷனின் கடைசி எண்ணாக வைத்துக்கொள்ளும், மைஎஸ்கியூஎல் கையேட்டிலேயே உள்ள வழி. டிரான்சாக்ஷன் முடியும்வரை அந்த வரி பூட்டியிருக்கும், பில் விழுந்தால் எண்ணும் பின்வாங்கும், இடைவெளி வராது. எண்ணை உடனே மாறியில் வாங்கிவிடுங்கள். தலைப்பை இன்சர்ட் செய்ததும் அது பில்_ஐடியாக மாறிவிடும்.

'அப்போது கவுண்டர்கள் காத்திருக்குமே?' விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அனுமதிக்கிறது. கவுண்டருக்கு ஒரு தொடர் வைத்துவிட்டால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

பிப்ரவரி 20, காலை 7.30

'யுயுஐடி போட்டால் இந்தப் பேச்சே தேவையில்லையே' என்று இரண்டு பேர். யுயுஐடி என்பது வேறெங்கும் வராதபடி நிரலே உருவாக்கிக்கொள்ளும் நீளமான அடையாள எண். உண்மைதான். எண்ணை நீங்களே உருவாக்கிக் கொடுத்தால் திரும்பக் கேட்க வேண்டியதே இல்லை. டேப்லெட்டில் ஆஃப்லைனில் ஆர்டர் எடுத்து ராத்திரி ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் வழி. பதிப்பு 4 வேண்டாம், தாறுமாறான எண் இன்னோடிபியின் பிரைமரி கீயைச் சிதறடிக்கும். நேர வரிசையில் வருகிற பதிப்பு 7 இருக்கிறது, 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் முறையாக வந்தது. போஸ்ட்கிரெஸ் 18-இல் அதற்கென்றே ஃபங்ஷன் உண்டு.

இரண்டு கவுண்டர் மளிகைக் கடைக்கு இது தேவையா? எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 21, இரவு 10.05

கலந்துபோன பழைய பில்களைப் பிரிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். தலைப்பில் மொத்தத் தொகை இருப்பதால் முடியும். 5001-இன் மொத்தம் தெரியும், 5002-இன் மொத்தம் தெரியும். 5002-இல் கிடக்கும் வரிகளை அந்த இரண்டு தொகைக்கும் பொருந்துகிறபடி பிரிக்க வேண்டும். பொருள் வரிகளின் ஐடி வரிசை உதவும், ஒரு கவுண்டரின் வரிகள் பெரும்பாலும் கொத்தாகத்தான் விழுந்திருக்கும். இரண்டு வகையாகவும் பிரிக்க முடிகிற பில்லைத் தொடாமல் குறித்து வைத்து, கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன் பேக்கப்.

பிப்ரவரி 22, காலை 9.20

கேட்டவரின் கடைசிச் சந்தேகம்: பழைய குறிமுறையில் இன்சர்ட்டுக்கும் மேக்ஸுக்கும் நடுவில் ஸ்லீப்(10), அதாவது பத்து நொடி நிறுத்தம், போட்டு, பிரவுசரில் இரண்டு டேப் திறந்து சோதித்தாராம். மோதலே வரவில்லை, இரண்டு பில்லும் சரியாக விழுந்தனவாம்.

அது பிஎச்பி செஷன் செய்கிற வேலை. இது பிரவுசரில் இருப்பவர் யார் என்று நினைவு வைத்துக்கொள்வது, முன்பு சொன்ன டேட்டாபேஸ் செஷன் அல்ல. செஷன்_ஸ்டார்ட் ஓடியதும் அந்த செஷன் ஃபைல் பூட்டப்படும். ஒரே பிரவுசரின் இரண்டு டேபுக்கும் ஒரே குக்கி, ஒரே செஷன். முதல் டேப் முடியும்வரை இரண்டாவது டேப் உங்கள் இன்சர்ட்டுக்கே வந்திருக்காது. கடையில் இரண்டு கவுண்டரும் இரண்டு கணினி, இரண்டு செஷன், அங்கே இந்தப் பூட்டு கிடையாது. கணினியில் ஒன்று, செல்போனில் ஒன்று என்று திறந்து பத்து நொடிக்குள் இரண்டிலும் சேமியுங்கள். இரண்டிலும் ஒரே பில் எண் வரும். அப்புறம் மேக்ஸ் வரியை எடுத்துவிட்டு லாஸ்ட்இன்சர்ட்ஐடி போட்டு, ஸ்லீப்பை அப்படியே வைத்து இன்னொரு முறை. சோதனை முடிந்ததும் அந்த ஸ்லீப்பை எடுக்க மறக்காதீர்கள், சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் போன் அடிப்பார்.